ராயபுரத்துக்கு இரண்டு பனி டயர்கள்

சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அரை நாளுக்குள் மூன்று பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். முதல் ஆள் சுங்க அதிகாரி. பினாங்கிலிருந்து நான் கொண்டுவந்த இரண்டு கார் டயர்களைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தைக் கிழித்து, அதில் அச்சாகியிருந்ததை இங்கிலீஷில் உரக்கப் படித்தார். உறைபனி விழும் சாலைகளுக்கு உகந்தது என்று போட்டிருந்தது. "மெட்ராஸில் எந்தத் தெருவில் ஐயா பனி கொட்டுகிறது? எனக்கும் சொல்லுங்கள், வெயில் தாங்கவில்லை" என்றார். பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பினாங்குச் சுங்கத்தில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வார்கள். சிரிக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

டயர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்காலத்தில் ஏதோ ஒரு குளிர் தேசத்து ராணுவத்துக்காகச் செய்தவை. சண்டை முடிந்ததும் ஊர் ஊராகச் சுற்றி, ஏலத்தில் பினாங்குக் கடை ஒன்றுக்கு வந்து சேர்ந்திருந்தன. ஒரு மைல்கூட ஓடாதவை. ரப்பரில் விரல் புதைகிற ஆழத்துக்குப் பல் பல்லாக வெட்டியிருந்தது. ராயபுரத்தில் டாக்சி ஓட்டும் என் தங்கை புருஷன் கோதண்டம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். சென்னையில் டயருக்குப் பர்மிட் வேண்டும், பர்மிட் கிடைத்தால் டயர் கிடைப்பதில்லை, பின் சக்கரம் இரண்டிலும் நூல் தெரிகிறது, வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமையும் கார் தேறாவிட்டால் டாக்சி ஓட்டும் அனுமதியே போய்விடும் என்று. சாப்பாடே அந்தக் காரில்தான். அளவு 5.50-16 என்று இரண்டு இடத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

நான் வாங்கியது 6.00-16. தெரிந்தேதான் வாங்கினேன். பதினாறு என்பது சக்கரத்தின் அளவு, அது சரியாக இருந்தால் டயர் உட்கார்ந்துவிடும், மற்றது பருமன்தான் என்று கடைக்காரச் சீனர் சொன்னார். தங்கை வீட்டுக்குப் போகிற அண்ணன் கேட்டதற்கு மேலே அரை அங்குலம் சேர்த்துத்தான் கொண்டுபோவான். குறைத்துக் கொண்டுபோனால் கேளுங்கள். அதுவும் பன்னிரண்டு வருஷம் கழித்துப் போகிறவன்.

சிரித்த இரண்டாவது ஆள் டிராம் கண்டக்டர். டயர்களைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்ததும் கையை நீட்டி மறித்தான். "இன்னா சார், காரை எங்கியோ வுட்டுட்டு சக்கரத்த மட்டும் எட்துகினு வந்துட்டியா?" டிராம் முழுக்கச் சிரித்தது. டயருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குகிறேன் என்று சொன்னேன். மணியை அடித்துவிட்டுப் போயே போய்விட்டான். மூன்றாவது ஆள் ஜட்காக்காரன். அவன் வண்டியில் டயர்களுக்கும் என் டிரங்குப் பெட்டிக்கும் இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. குதிரை இளைத்த குதிரையாம், ஆளையும் ஏற்றினால் படுத்துவிடுமாம். ஆகவே காசு கொடுத்து வண்டி பிடித்த நான், கோட்டும் தொப்பியுமாக அந்த வண்டிக்குப் பின்னாலேயே ராயபுரம்வரை நடந்தேன்.

"அண்ணாத்தே!" என்று ஓடிவந்தாள் என் தங்கை தனம். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த பெண். 'அண்ணே' என்று அழகாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். பன்னிரண்டு வருஷ ராயபுரம் அவள் நாக்கை இப்படி ஆக்கி வைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா இப்டி இளைச்சுக் கீறே?" என்றாள். பிறகு வாசலில் சாய்த்திருந்த டயர்களைப் பார்த்தாள். உள்ளே போய் மஞ்சளும் குங்குமச் சிமிழும் எடுத்துவந்து, இரண்டு டயருக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். பிறந்த வீட்டுச் சீர் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வராத ஒரே நேரம் அதுதான்.

கோதண்டம் சாயங்காலம் வந்தார். நல்ல உயரம், காக்கிச் சட்டை, பேச்சில் மரியாதை. டயரைத் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த எண்ணைக் குனிந்து படித்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்து, "ஜோரா கீது மச்சான். ஒங்களுக்குத்தான் எம்மாம் செரமம்" என்றார். மனுஷனுக்கு நன்றியில் நெஞ்சு அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் சங்கரா மீன் குழம்பு. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் சோறு ரேஷன் சோறு. வாய்க்கு ஒரு கல். ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மரவள்ளிக் கிழங்கு தின்று உயிரை வைத்துக்கொண்டிருந்தோம். கிழங்கில் ருசி இல்லாமல் இருக்கலாம், கல் இல்லை. சண்டையை ஜெயித்த அரசாங்கத்தின் அரிசியில் இவ்வளவு கல் எதற்கு என்று கேட்டேன். "ஆமா மச்சான், ரொம்ப பேஜாரு" என்றார் கோதண்டம். நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்றார். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தனத்திடம் சொன்னேன். அவள் ரசம் எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் தண்டையார்பேட்டையில் காசிம் பாய் கடைக்குப் போனோம். டயர் வேலைக்கு அந்த வட்டாரத்தில் அவர்தான். கடை என்றால் ஒரு தகரக் கூரை, கீழே தேய்ந்த டயர்கள், மூலையில் ஒரு வாளித் தண்ணீர். பாய் என் டயரை உருட்டிப் பார்த்து, காரின் மட்கார்டுக்குள் கையை விட்டு அளந்து, கோதண்டத்திடம் தாழ்ந்த குரலில், "இத்த சீவாம போட்டா ஒரசும்பா" என்றார்.

சீவுவதென்றால் என்ன என்று கேட்டேன். அந்த ஊரில் அப்படி ஒரு தொழில் இருக்கிறது. டயர் கிடைக்காத காலம், கிடைத்ததும் அளவு ஒத்துவராது. அதனால் பெரிய டயரைக் கத்தியால் சீவிச் சின்னதாக்கி மாட்டிவிடுகிறார்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சீவினால் ரப்பர் வெள்ளரிக்காய் மாதிரி வருமாம். எனக்கு வந்ததே கோபம். கடல் தாண்டி, கப்பலின் தளத்தில் தலைமாட்டில் வைத்துத் தூங்கி, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்த சாமானை இந்த மனுஷன் காய்கறி மாதிரி சீவப் போகிறாராம். "நல்ல டயரைக் கெடுத்துக் கூலி வாங்குவதுதான் உம்முடைய தொழிலா?" என்று கேட்டுவிட்டேன். பாய் என்னைப் பார்க்கவில்லை. கோதண்டத்தைப் பார்த்தார். "சீர் சாமான், பாய். கத்தி வெக்க வாணாம். அப்டியே போட்டுடு" என்றார் கோதண்டம். பாய் ஒரு பெருமூச்சோடு கடப்பாரையை எடுத்தார். டயர்கள் சக்கரத்தில் அழகாக உட்கார்ந்தன. பார்த்தீரா என்று பாயைக் கேட்டேன். அவர் வாளித் தண்ணீரில் கையைக் கழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை எல்லோரும் எண்ணூருக்குப் போனோம். முன்னால் நான், பின்னால் தனமும் அவளுடைய மாமியாரும் நாத்தனாரும். காலடிப்பேட்டைவரை டயர் தார் ரோட்டில் வண்டுபோல் ரீங்காரம் செய்துகொண்டு வந்தது. அது புது டயரின் சத்தம் என்று விளக்கினேன். திருவொற்றியூர் தாண்டியதும் ரோடு பள்ளமும் மேடுமாக ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் 'சர்ரக்' என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் தீய்கிற நாற்றம்.

"இதெல்லாம் ஒரு ரோடா?" என்றேன். "பினாங்கில் மலைமேல் போகிற ரோடுகூட வழவழவென்று இருக்கும். இங்கே வரி வாங்கி என்ன செய்கிறார்கள்?"

"ரோடு சரியில்ல மச்சான்" என்றார் கோதண்டம்.

"மட்கார்டு செய்தவனும் சரியில்லை. இவ்வளவு தாழ்வாகவா வைப்பான்?"

"ஆமா மச்சான். கீழ வெச்சுட்டான்."

பின்னால் மூன்று பெண்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். உப்பளத்தில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எண்ணூர்க் குப்பத்துக்குப் போகும் வழி மணல். அங்கே அந்தப் பல் வைத்த டயர்கள் முன்னே போவதற்குப் பதிலாகக் குழி தோண்ட ஆரம்பித்தன. கோதண்டம் எவ்வளவு அழுத்தினாரோ அவ்வளவு ஆழம் இறங்கின. மீன்காரர் நாலைந்து பேர் வந்து காரைக் கையாலேயே தூக்கி வைத்தார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னா நைனா, ஒன் டயருக்குப் பல்லு மொளச்சிருக்கு?" என்றார் ஒருவர். அவரே சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது பெரிய சைஸாச்சே..." என்று ஆரம்பித்தார். கோதண்டம் அவர் தோளில் கையைப் போட்டு, இழுக்காத குறையாக அப்பால் அழைத்துக்கொண்டு போனார். பீடி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, காரைக் காட்டும் மைதானம். முப்பது நாற்பது வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. உட்கார நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கையில் சாக்கட்டி. காரைச் சுற்றி வந்தார். பின் டயரைப் பார்த்ததும் நின்றார். பக்கத்தில் நின்ற மூன்று டிரைவர்களைப் பின் சீட்டில் ஏறச் சொன்னார். "ஓட்டு" என்றார். கோதண்டம் பத்து கஜம் ஓட்டினார். மைதானத்தில் இருந்த ஒரே பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. 'சர்ரக்.'

"மட்கார்டில் உரசுது. பாரத்தோட போனா டயர் வெடிக்கும். போகாது" என்று இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

நான் விடுவேனா? முன்னால் போய் நின்றேன். புத்தம் புது டயர், ராணுவத்துக்காகச் செய்தது, உங்கள் ஊர் ரோட்டைப் பரிசோதித்துவிட்டு வந்து டயரைப் பரிசோதியுங்கள் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டுக் கோதண்டத்திடம் திரும்பினார்.

"ஐந்தரை போட வேண்டிய வண்டிக்கு ஆறு போட்டிருக்கே. யார் வாங்கினது இதை?"

நான் வாய் திறப்பதற்குள் கோதண்டம் சொன்னார்: "நான்தான் சார். சைஸு பாக்காம வாங்கிட்டேன்."

"எத்தனை வருஷமா டாக்சி ஓட்டறே? இதுகூடத் தெரியாது?"

"புத்தி இல்ல சார்."

நாளை மத்தியானத்துக்குள் சரிசெய்து காட்டினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அனுமதி ரத்து என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். புத்தி இல்லை என்று கோதண்டம் சொன்னபோது அத்தனை பேர் கேட்டார்கள். காலையிலிருந்து மூடாத என் வாய் அப்போது மட்டும் மூடிக்கொண்டது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும்.

அங்கிருந்து நேரே காசிம் பாய் கடைக்குப் போனோம். கோதண்டம் காரின் அடியில் படுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாயிடம் போய், சரியான அளவில் இரண்டு டயர், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

பாய் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "இருந்துச்சு சார். ஐந்தரை, பழசு மேல புது ரப்பர் ஒட்டினது, நல்ல ஜோடி. ஒங்க மாப்ளதான் சொல்லி வெச்சிருந்தாரு. மூணு மாசமா அலைஞ்சு புட்ச்சது. நீங்கோ வந்த அன்னிக்கு ராத்திரி வந்து, 'மச்சான் எட்துகினு வந்துட்டாரு பாய், வேற யாருக்காச்சும் குட்த்துடு'ன்னாரு. மறாநாளே இன்னொரு டாக்சிக்காரன் எட்துகினு பூட்டான். நான் சொன்னேன் சார், சைஸு சேராது, அவராண்ட சொல்லுப்பான்னு. கேக்கல."

நான் காருக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் கோபம். என்ன மனிதர்கள் இவர்கள்! தொழில் போகப்போகிறது, சாப்பாடு போகப்போகிறது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? என்னைப் பைத்தியக்காரனாக்கி எண்ணூர்வரை ஊர்வலம் கொண்டுபோனார்களே! வாசலில் தனம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தனையையும் அவள் தலையில் கொட்டினேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று தெரு கேட்கக் கத்தினேன்.

அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சொன்னா நீ அப்பவே கப்பல் ஏறிடுவே அண்ணாத்தே. எங் கல்யாணத்துல சம்பந்தி பந்தியில ஒனக்குப் பாயசம் ஊத்த மறந்துட்டாங்கன்னு எல பாதியில எழுந்து போனவன்தானே நீ? தாலி கட்டி அரை நாளு ஆவல. நான் ரோட்டு மொனை வரைக்கும் ஓடியாந்தேன், திரும்பிப் பாக்கல. அப்பால ஒரு கடுதாசு இல்ல. அதுக்கப்புறம் சண்ட வந்துச்சு. பினாங்குல குண்டு போட்டாங்கன்னு சொன்னாங்கோ. நீ இருக்கியா செத்தியான்னு தெரியாம அஞ்சு வருசம் பூட்ச்சு. இப்ப வந்து வாசல்ல நிக்கறே. டயரு சைஸு தப்புன்னு ஒங்கிட்ட நான் சொல்லுவேனா? லைசென்ஸு போனா போவட்டும்னு நான்தான் அவரைச் சொல்ல வாணாம்னேன்."

பன்னிரண்டு வருஷத்துக்குச் சண்டைதான் காரணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் இருந்தது. அந்த ஆறு வருஷமும் அவள் கடிதம் எழுதினாள், நான் எழுதவில்லை. பாயசத்துக்காக. பந்தியில் எனக்கு வலப்பக்கம் இருந்தவனுக்கு ஊற்றினார்கள், இடப்பக்கம் இருந்தவனுக்கு ஊற்றினார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே நான் காசிம் பாய் கடையில் நின்றேன். கார் முந்தின நாளிலிருந்து அங்கேயேதான் நின்றது. சீவுங்கள் என்றேன். பாய் மாட்டேன் என்றார். கத்தி வைக்கக் கூடாது என்று கோதண்டம் சொல்லியிருக்கிறாராம், சீர் சாமானில் வேற்று ஆள் கத்தி வைத்து அந்த வீட்டில் சங்கடம் வந்தால் யார் பதில் சொல்வது? "நீங்கோ குட்த்தது. நீங்கோளே சீவுங்கோ" என்று கத்தியை என் கையில் கொடுத்து, வாளியை இழுத்து வைத்தார்.

வெள்ளரிக்காய் மாதிரி வரும் என்று சொன்னவனைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்த வேண்டும். முதல் பல் வெளியே வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. கத்தியை நனைத்துச் சீவி, மறுபடி நனைத்துச் சீவி, கோட்டைக் கழற்றினேன், பிறகு சட்டையையும் கழற்றினேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தை மெதுவாக உருட்டிக் கொடுத்தார். அதிகம் சீவினால் வையாமல் விரலால் காட்டினார். பாதி டயர் முடிந்தபோது கோதண்டம் வந்தார். என் கையில் கத்தியைப் பார்த்து, "ஐயோ மச்சான்!" என்று பிடுங்க வந்தார். "நான் கொடுத்தது, நான் சீவுகிறேன். உங்களுக்கென்ன?" என்று கத்தினேன். அவர் இன்னொரு கத்தியை எடுத்து அடுத்த டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையில் நாலு கொப்புளம். பல்லில் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சத்தில் பாய் பள்ளம் கீறினார், ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் பழைய டயர்த் துண்டை வைத்து வண்டியின் உடம்பைக் கொஞ்சம் தூக்கியும் விட்டார்.

மத்தியானத்துக்கு முன் மைதானத்தில் அதே பள்ளம், பின் சீட்டில் அதே மாதிரி மூன்று பேர். சக்கரம் இறங்கி ஏறியது. சத்தம் வரவில்லை. மறுபடி ஒருமுறை ஓட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மறுபடியும் வரவில்லை. கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். அவ்வளவுதான். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் பேனாவில் மை குறைந்துவிடுமா? அதைக் கேட்கவேண்டும் என்று ஓரடி எடுத்து வைத்தேன். கோதண்டம் என் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரம் அதே காரில் என்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தனம் சுறாப்புட்டு ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள், இரண்டாம் நாளுக்கு மேல் வைக்காதே என்று நூறு தடவை சொன்னாள். கோதண்டம் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, போகாமல், தன் காக்கித் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக்கொண்டு நின்றார்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

சொல்லுங்கள் என்றேன்.

"அடுத்த தபா ஒண்ணும் எட்துகினு வராதீங்கோ. சொம்மா வாங்கோ."

கடல் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தவனிடம், கையில் கொப்புளம் இன்னும் ஆறாதவனிடம் சொல்கிற பேச்சா இது? சுரீர் என்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் தனம் கோதண்டத்தைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டு முனைவரை ஓடிவந்தவள் அன்றைக்கும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

"சரி மாப்பிள்ளை" என்றேன்.